உத்தரத்தில் ஆறாத சூடு

ருவான்வெல்லைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில், விஜயகலாவின் வீட்டு உத்தரத்தில் வைத்த சூடு மூன்று வருஷமாக ஆறவில்லை. உள்ளங்கை அகலத்தில், பழுத்த மிளகாய் நிறத்தில் அது இன்றும் இருக்கிறது.

தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் வரிசையாக ஒட்டி எட்டு காம்பரா, எட்டு வீடு. எட்டுக்கும் சேர்த்து ஒரே இரும்பு உத்தரம். மே மாத வெசாக் மழையில் மலை சற்றே சரிந்து நடுவில் நிலம் இறங்கியது. விஜயகலா தனியாக இருந்த காம்பராவுக்கு நேர் மேலே உத்தரம் வயிறு தள்ளித் தொங்க, சுவர்களெல்லாம் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தன. பார்க்க வந்த அரசாங்க மஹத்தயா சிங்களத்தில், "மெத்தன நாய யனவா" என்றார். மண் சரியும் இடம், எல்லோரும் கிளம்ப வேண்டுமாம். எங்கே போவது என்று கேட்டதற்கு அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

கடைவீதி வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் மெல்வின், அதே லயத்துக்காரன், காஸ் சிலிண்டரை ஆள்வைத்துத் தூக்கி வந்தான். தொங்கிய வயிற்றுப் பக்கத்தில் ஒரே இடத்துக்கு மட்டும் சூடு கொடுத்தான்.

"அக்கா, மொதல்ல இன்னும் தொங்கும், கத்திராதீங்க. ஆறும்போதுதான் இழுத்துக்கிட்டு மேல போகும். தண்ணி மட்டும் ஊத்திராதீங்க."

அவன் சொன்னபடியே தொங்கியது, கூரைத்தூசி கொட்டியது, பெண்கள் அழுதார்கள். பிறகு இழுக்கத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் எட்டு வீட்டுச் சுவரும் நிமிர்ந்து, பூட்ட முடியாமல் கிடந்த கதவுகள் பூட்டின. பின்னாலேயே மலையும், கயிறு பிடித்து இழுத்த மாடு மாதிரி, பழைய இடத்துக்கே ஏறி நின்றது. சூடு வைத்த இடம் மட்டும் ஆறவில்லை. மெல்வின் தலையைச் சொறிந்துகொண்டு, ஆறாதவரைக்கும் இழுத்துக்கொண்டே இருக்கும் என்றான். லயத்தில் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சூட்டில் விஜயகலாவின் உச்சிமயிர் செம்பட்டையானது. மழைக்காலத்தில் எட்டு வீட்டு ஈரத்துணியும் அவள் காம்பராவில் காய்ந்தது. மகள் தர்மிளாவுக்குத் தலைப்பிரசவம் என்று அவள் கலவானைக்குப் போன மறுநாளே சூடு மங்கி, பக்கத்து வீட்டு அழகம்மாவின் சுவர் வாய் பிளந்தது. போன் வந்தது. பேரப்பிள்ளையை ஒரு தரம்கூடக் குளிப்பாட்டாமல் அவள் திரும்பினாள். அதன்பின் லயம் அவளை ரொம்பவும் நன்றாகப் பார்த்துக்கொண்டது. சாமான் வாங்கக்கூட இறங்க விடவில்லை. அவள் பையைக் கையில் எடுத்தால் ஏழு கதவும் திறந்தன. அவள் இல்லாவிட்டால் சூடு மங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் பதில் வேறு ஆள் இருந்தால் என்னவாகும் என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்பதே சரி.

இரண்டாவது பிரசவம் நெருங்கியது. மகள் போனில் அழுதாள். விஜயகலா பையைக் கட்டினாள். அழகம்மாவின் புருஷன் ராமச்சந்திரன் வாசலை அடைத்து நின்றான்.

"மதினி, சீலையோட எங்க வீட்டையும் சேத்து மடிச்சு வச்சுக்கிட்டீங்களா?"

"ஒங்க வீடு பத்திரமா இருக்கணும்னா நீங்க உள்ள வந்து உக்காருங்க, கொழுந்தனாரே. சட்டையக் கழட்டிட்டு வாங்க, வெந்துருவீங்க."

சுற்றி நின்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் யாரும் நகரவில்லை. அழகம்மாதான் புருஷனின் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள். "போங்க. அவ இம்புட்டு நாளா வெந்தா. ஒரு நாளைக்கு நீங்க வேகுங்க."

விஜயகலா யாரையும் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு இறங்கினாள். சூடு மங்கவில்லை. அடியில் யாராவது வெந்துகொண்டிருந்தால் அதற்குப் போதும், ஆளைப் பார்ப்பதில்லை. மறுநாள் ராமச்சந்திரன் வெளியே வந்து, பீலியில் கொட்டும் தண்ணீருக்கு அடியில் தலையை நீட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றான்.

இப்போது வீட்டுக்கு ஒருவராக முறை வைத்திருக்கிறார்கள். கலவானையில் விஜயகலா குளிர்கிறதென்று நடுப்பகலிலும் போர்வை போர்த்துகிறாள். சின்னப்பிள்ளை அவள் மடியில்தான் சீக்கிரம் தூங்குகிறது. அவள் காம்பராவும் எட்டில் ஒன்று என்பதால், முறை வரும்போது மாற்றுச்சீலையோடு பஸ் ஏறி வருகிறாள். வந்ததும் கேத்தலில் தண்ணீர் நிரப்பி உத்தரத்துக்குக் கீழே கட்டித் தொங்கவிட்டு, எட்டு வீட்டுக்கும் தேத்தண்ணி ஊற்றுகிறாள். அடுப்பு மூட்டுவதில்லை.