வெளிச்சுவர்

அந்த மலைப்பக்கத்து வீடுகளில் மருந்து அடிக்க ஒரே ஒழுங்குதான் உண்டு. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு முதலில் உள்ளறை, பிறகு கூடம், பிறகு சமையலறை. கடைசியில்தான் வெளிச்சுவர். கல்லை மண்ணில் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள் அவை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் என்னென்ன குடியிருக்கிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. உள்ளே அடித்தால் எல்லாம் வெளியே ஓடும். வெளியே முதலில் அடித்தால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அப்படி யாரும் அடிப்பதில்லை.

மருந்தக்கா ஒரே ஒரு முறை அப்படி அடித்தாள். சொந்தத் தங்கை வீட்டில்.

மருந்தக்கா என்பது ஊர் வைத்த பெயர். தாலி கட்டியவன் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது விட்டுப்போனது ஒரு பழைய வேனும் தெளிக்கும் பம்பும்தான். அதை வைத்தே அவள் நிமிர்ந்துவிட்டாள். கரையான், மூட்டைப்பூச்சி, எலி, எதற்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மழை தள்ளிப்போகும் மாதங்களில் தேளுக்கு. காடு காய்ந்து சருகானால் தேள் ஈரத்தைத் தேடி வீட்டுக்கு வரும்.

தங்கையின் வீடு காட்டை ஒட்டிய கடைசி வீடு. அவள் கணவனுக்கு மரம் அறுக்கும் மில்லில் வேலை. மில்லில் கழித்துப்போட்ட கட்டைகளைக் கொண்டுவந்து வெளிச்சுவரை ஒட்டி ஆளுயரம் அடுக்கி வைத்திருந்தான். தவமாய்த் தவமிருந்து பெற்ற ஒரே பையன். இப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தான்.

"அவன் தவழ்ற இடத்துல தேள் ஒண்ணு போச்சுக்கா, செவப்பா," என்று தங்கை போனில் சொன்னாள். "விளக்குமாத்தால அடிச்சிட்டேன். இன்னும் எத்தனை இருக்கோ. நீ வந்து அடிச்சுக் குடு."

மறுநாள் காலையிலேயே போய்விட்டாள்.

மில்லுக்காரன் வாசலில் நின்று வரவேற்றான். "வாங்க அண்ணி. நீங்க தெருமுனை திரும்புறப்பவே கொசுவெல்லாம் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிருச்சு."

"நீங்க மட்டும் இன்னும் கிளம்பலையா தம்பி?"

தங்கை சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்துவிட்டான். அவள்மேல் மருந்து வாடை வீசுகிறது என்று அவன் வாயால் சொன்னதே இல்லை. ஜன்னலால் சொல்வான்.

"பையனைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்டுல போய் இருங்க. உள்ள முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்," என்றாள் மருந்தக்கா.

"இப்பத்தான் அண்ணி கண் அசந்தான். வெளிய முதல்ல முடிச்சிருங்களேன். எந்திரிச்சதும் உள்ள பாத்துக்கலாம்."

"உள்ளதான் தம்பி முதல்ல அடிக்கிறது."

"சுவர் ஒண்ணுதானே? உள்ள முதல்ல அடிச்சா என்ன, வெளிய முதல்ல அடிச்சா என்ன?"

தங்கையும் சேர்ந்துகொண்டாள். "ராத்திரியெல்லாம் அழுதான்க்கா. கொஞ்ச நேரம் தூங்கட்டுமே."

வேறு வீடாக இருந்தால், நான் சொல்கிறபடிதான் நடக்கும், பிடிக்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள் என்று வேனைத் திருப்பியிருப்பாள். இங்கே அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் போதும், அப்புறம் தங்கையின் போன் மாதக்கணக்கில் வராது. இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது. பம்பைத் தோளில் மாட்டினாள்.

மில்லுக்காரன் கட்டைகளைத் தள்ளிப்போட்டான். அவள் சுவரின் ஒவ்வொரு இடுக்கிலும் குழாயின் மூக்கை நுழைத்து அடித்தாள். அரைகுறையாக அடிக்கத் தெரியாது அவளுக்கு. முடித்துவிட்டுச் சுவரடியில் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். மருந்து பட்டவை கொஞ்ச நேரத்தில் போதை ஏறியவைபோலத் தடுமாறி வெளியே வந்து விழும். இரண்டு பூரான்கள் வந்தன. சிலந்திகள் வந்தன. தேள் ஒன்றுகூட வரவில்லை.

"மொத்தமே இவ்வளவுதானா? இதுக்குப் போய் இந்தப் பாடு படுத்தினா உங்க தங்கச்சி," என்றான் அவன்.

தரை சுத்தமாக இருந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. எழுந்தாள். "பையனை எழுப்புங்க. உள்ள அடிக்கணும்."

"வெந்நீர்ல கால விட்டமாதிரி நிக்கிறீங்களே. டீ போட்டாச்சு, குடிச்சிட்டு ஆரம்பிங்க."

வாங்கிக் குடித்தாள். தம்ளர் காலியாவதற்குள் உள்ளே பையன் அலறினான்.

பசி அழுகை இல்லை அது. தங்கை ஓடிப்போய்த் தூக்கினாள். பால் கொடுத்தாள். வாய் வைக்கவில்லை. மூச்சைப் பிடித்துப் பிடித்து அழுதான். பிறகு வாந்தி எடுத்தான். வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. தலைமுடி வேர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"மருந்து உள்ள போயிருச்சு. ஜன்னல் திறந்து கெடந்துச்சு," என்றான் மில்லுக்காரன்.

"இந்த மருந்து அப்படிப் பண்ணாது தம்பி."

"என்ன பண்ணாது? வெஷந்தானே அது?"

அவள் வேனுக்கு ஓடினாள். கேன்களை இழுத்துப்போட்டு அன்று அடித்த மருந்தின் பாட்டிலைத் தேடி எடுத்துவந்து, ஒட்டியிருந்த காகிதத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "படிச்சுப் பாருங்க. வீட்டுக்குள்ளேயே அடிக்கிறது. மூணு வருஷமா அடிக்கிறேன், ஒரு பூனைக்குக்கூட ஒண்ணும் ஆனதில்ல." அந்த நேரத்தில் அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மருந்தின் மானம் ஒன்றுதான்.

"அப்புறம் பேசிக்கலாம், வண்டிய எடுக்கா," என்றாள் தங்கை.

வேனில் ஏறும்போது பையனின் பாதம் அவள் முழங்கையில் பட்டது. ஜில்லென்று இருந்தது. கொளுத்துகிற வெயிலில், வேர்வை வழிகிற உடம்பில், பாதம் மட்டும் ஜில்லென்று. அந்தக் குளிர்ச்சியை அவள் தேள் கொட்டிய வீடுகளில் தொட்டுப் பார்த்திருக்கிறாள். என்னவென்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு நர்ஸ். நர்ஸ் பையனின் கண்ணை விரித்துப் பார்த்தார். உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். துணியை அவிழ்த்து உடம்பெல்லாம் தடவிப் பார்த்தார்.

"ஏதாச்சும் கடிச்சுதா?"

"எது கடிக்கும்? இன்னைக்குத்தான் வீட்டுக்கு மருந்தே அடிச்சிருக்கு," என்றான் மில்லுக்காரன். "அடிச்சவங்க இதோ நிக்கிறாங்க, கேட்டுக்குங்க."

நர்ஸ் மருந்தக்காவைப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி. நடுத்தட்டில் ஒரு டப்பா, அதன்மேல் தேள்கடி என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது. காட்டோர ஆஸ்பத்திரிகளில் எது தீர்ந்தாலும் அந்த மாத்திரை தீராது.

"வெளிய மட்டுந்தான் அடிச்சேன்," என்றாள் மருந்தக்கா.

பொய் இல்லை. அதற்குப் பின்னால் இன்னும் ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது. வெளியே முதலில் அடித்ததால் சுவருக்குள் இருந்ததெல்லாம் உள்ளே போயிருக்கும் என்ற வாக்கியம். மருந்தால் வந்தது என்றால் பாட்டில் இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அங்கே பார்த்துவிட்டு, மருந்தின் மேல் தப்பில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். தேள் என்றால் தப்பு அவள் கையில். அங்கே போனால் டாக்டர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள், நான் எதற்குச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

நர்ஸ் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "காத்துல வந்திருக்கலாம். வெஷத்துக்கு இங்க ஒண்ணும் பண்ண முடியாது. மலைக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க. நிக்காதீங்க."

அவள்தான் ஓட்டினாள். வளைவுக்குமேல் வளைவு. இரண்டு பக்கமும் இலை உதிர்ந்த முள்மரங்கள். பின்னால் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பையன் அழுதுகொண்டிருந்தவரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். உச்சியை நெருங்கும்போது அழுகை நின்றது.

"தூங்கிட்டான்," என்றான் மில்லுக்காரன்.

கண்ணாடியில் தங்கையின் முகம் தெரிந்தது. அவள் பையனின் மூக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருந்தக்கா வண்டியை ஓரம்கட்டினாள். "மருந்து இல்ல. தேள். வெளிய முதல்ல அடிச்சா உள்ளதான் ஓடும். மாத்திரை அந்த நர்ஸ்கிட்டயே இருக்கு."

"பழியைத் தூக்கித் தேள் மேல போடுறீங்களா அண்ணி? உச்சிக்கே வந்தாச்சு. நேரா போங்க."

"தம்பி, நான் சொல்றதை..."

"நேரா போங்கன்னேன்."

தங்கை தலையைத் தூக்கவில்லை. "திருப்புக்கா. நீ பொய் சொல்லமாட்ட."

திருப்பினாள். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்க மனம் வரவில்லை.

நர்ஸ் மாத்திரையை உடைத்துக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார். பாதி வெளியே வழிந்தது. மறுபடி கரைத்தார். மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தார். சிலிண்டர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். "இதைத்தானே அப்பவே கேட்டேன்," என்றார், யாரிடம் என்று இல்லாமல். பையனின் வாயில் நுரை வந்தது. இளஞ்சிவப்பு நுரை. சாயங்காலம் ஆவதற்குள் நர்ஸ் குழாயை எடுத்துவிட்டார்.

மில்லுக்காரன் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். பெஞ்சில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். பையன் தங்கையின் மடியில்.

"நர்ஸ் கேட்டப்ப உனக்குத் தெரியுமாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மலையில் வைத்துத்தான் தோன்றியது என்று சொல்லியிருந்தால் தங்கை நம்பியிருப்பாள். அவள் எதைச் சொன்னாலும் நம்புகிறவள்.

"தெரியும்."

தங்கை பையனின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டாள்.

மறுநாள் பையனைப் புதைக்க எடுத்துக்கொண்டு போனார்கள். போய்விட்டு வந்தபின் ஆண்கள் நான்கைந்து பேர் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் புரட்டினார்கள். பையன் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் மூன்று. தலையணை உறையில் ஒன்று. அரிசி மூட்டைக்குப் பின்னால் தாயும் குஞ்சுமாக ஒரு கூட்டம். எல்லாவற்றையும் முறத்தில் வாரிக்கொண்டுவந்து வாசலில் கொட்டி எரித்தார்கள்.

மில்லுக்காரன் முற்றத்தில் நின்ற மருந்தக்காவிடம் வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"உங்க மருந்தைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன் அண்ணி. சொல்லச் சொல்லக் கேக்காம வெளிய அடிக்கச் சொன்னதும் நாந்தான். மனசுல வெச்சுக்காதீங்க." அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். தங்கை அவனிடம் எதுவும் சொல்லவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றாள்.

கூடத்தில் பெண்கள் தங்கையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மருந்தக்கா வாசல் ஓரமாக உட்கார்ந்தாள். யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மெல்ல நெருங்கி வந்து அவள் முழங்காலைத் தொட்டாள்.

"சாவு வீட்டுல கேக்கக் கூடாது, தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுலயும் கைக்குழந்தை இருக்கு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். நாளைக்கு வந்து அடிச்சுக் குடுத்துருவீங்களா?"

"எங்களுக்கும் சொல்லிருங்க அக்கா," என்றாள் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி. தெரு முழுக்கக் குழந்தைகள் இருந்தன.

"நான் வர்றதில்ல," என்றாள் மருந்தக்கா. "வேற ஆளைப் பாத்துக்குங்க."

"அப்படிச் சொல்லாதீங்க. உங்களை விட்டா யார் இருக்கா?"

தங்கை தலையைத் தூக்கினாள்.

"வருவா," என்றாள் தங்கை, பக்கத்து வீட்டுக்காரியைப் பார்த்து. "நாளைக்கே வருவா. இந்த வீட்டுல இனி அவளுக்கு ஒரு வேலையும் இல்ல."