அன்பளிப்புப் பிளாப்பி

கம்ப்யூட்டர் மெக்கானிக் ஹுமாயூன் மாட்டிய புது ஹார்ட் டிஸ்க்கை, ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடையின் பழைய கம்ப்யூட்டர் பாதிக் கொள்ளளவு உள்ளதாகத்தான் காட்டியது. கடை முதலாளி சேக் முகைதீனின் எதிரிலேயே அவன், அதை விற்ற மதுரை வியாபாரியைப் போனில் வாய்க்கு வந்தபடி ஏசினான்.

"பழைய மிஷினுக்கு முழுசாத் தெரியாதுன்னுதானே கூடவே அதுக்கான புரோகிராமோட ஒரு பிளாப்பி வச்சேன். அதைப் போட்டீங்களா?" என்றார் வியாபாரி.

"பிளாப்பியா?" ஹுமாயூன் முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தான். சும்மா வந்ததுதானே என்று போன வாரம் அதை அழித்து, முதலாளி மகளின் நிக்காஹ் பத்திரிகையை ஏற்றி, தன் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தான்.

முதலாளி போனைப் பிடுங்கினார். "ஏலே, பிளாப்பிக்கு அலையுற ஆளா இவன்? எம் மக நிக்காஹுக்குக் கைக்காசுல புதுசு வாங்கித் தந்தவனாக்கும்!"

ஹுமாயூன் திருப்புளியைத் தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டான்.