தண்ணி என்றுதான் சொன்னேன்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் தாதியாக இருந்த வருஷங்களில் அதை ஒரு தகுதியாகவே வைத்திருந்தேன். நோயாளிகளைத் திட்டித் திட்டியே உயிரோடு வைத்திருக்கிறேன் என்று நினைப்பு. போதாததற்கு, எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் பேசுவதுதான் தமிழ் என்ற வீம்பும் உண்டு.

அய்யாவு 1988இல் வந்து சேர்ந்தார். சுங்கை வேயில் பேட்டரி தொழிற்சாலையில் வேலை; இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. முதல் நாளே இயந்திரத்தைக் காட்டி விளக்கினேன். உடம்பில் ஒவ்வொரு செல்லையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது; எது உள்ளே போகலாம், எது வெளியே வரலாம் என்பது அதன் கையில். இயந்திரத்திலும் அதைப் போல ஒரு சவ்வுதான். ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் மருந்து நீர். கழிவு அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கத்துக்குத் தானாகவே போய்விடும். ரத்த அணுக்கள் பெரியவை, அவற்றால் கடக்க முடியாது.

"ஜல்லடை மாதிரி, ஆனா ஆட்ட வேணாம்" என்றார். கெட்டிக்காரர்.

"ஓம். ஆனா இனிமேல் தண்ணியை நல்லாக் குறைக்க வேணும், அண்ணை."

அவர் முகம் சிவந்தது. "அதெல்லாம் இல்ல மிஸ்ஸி. தொடுறதே இல்ல."

எல்லா நோயாளியும் சொல்லும் பொய் என்று விட்டுவிட்டேன். அடுத்த முறை, குடித்த நீர் வெளியேறாமல் உடம்பிலேயே தங்கி, எடை நான்கு கிலோ கூடியிருந்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே. நான் திட்டினேன். அவர் சத்தியம் செய்தார். தராசு பொய் சொல்லுமா என்று கேட்டு எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கினேன். ஒருநாள் அவர் மனைவி நல்லம்மாள் கூட வந்தபோது அவளைத் தனியே அழைத்து, "உங்கட மனுசன் ஒளிச்சு ஒளிச்சுத் தண்ணி குடிக்கிறார். நீங்கள்தான் கண்டிக்க வேணும்" என்றேன். அவள் முகம் செத்துப்போனது. சரி, இனிக் கண்டிப்பாள் என்று திருப்திப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை, அய்யாவு மூச்சு வாங்கிக்கொண்டு தனியாக வந்தார். கால் வீங்கிப் பளபளத்தது. படுக்க முடியவில்லை. உட்கார வைத்தே இயந்திரத்தில் இணைத்தோம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகுதான் பேச்சு வந்தது.

"நல்லம்மாள் எங்கே?" என்று கேட்டேன்.

"கிள்ளானுக்குப் போயிட்டா, அக்கா வீட்டுக்கு. நான் மறுபடியும் தண்ணி போட ஆரம்பிச்சிட்டேனாம். அத விட்டு பதினோரு வருஷம் ஆச்சு மிஸ்ஸி. உங்களுக்கு ஏன் என் மேல சந்தேகம்?"

"அப்ப என்னதான் குடிக்கிறியள்?"

"பச்சத் தண்ணிதான். அப்புறம் பார்லி, ஒரு நாளைக்கு ரெண்டு ஜக்கு. கிட்னிய கழுவும்னு சொன்னாங்க லா."

தண்ணி என்றால் இந்த ஊரில் சாராயமும்தான் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். அந்த மனிதரிடம் ஒரே ஒரு முறை 'எந்தத் தண்ணி' என்று கேட்டிருந்தால் போதும். திட்டுகிற அவசரத்தில் கேட்கவில்லை.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "நான் சொன்னா அவ நம்ப மாட்டா. நீங்க ஒரு வார்த்த சொன்னா வந்துருவா, மிஸ்ஸி." போகிறேன் என்றேன்.

போகவில்லை. வெட்கம். ஒரு வாரம் டியூட்டி என்றேன். மறு வாரம், "போனனான், வீட்டில ஆள் இல்லை" என்று துணிந்து பொய் சொன்னேன். அவர் அதை நம்பித் தலையாட்டினார். பச்சைத் தண்ணீரை அளந்து குடித்து, எடையையும் சரியாக வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இன்னும் கூசியது.

மூன்றாவது வாரம் கிள்ளானுக்கு பஸ் ஏறினேன். நல்லம்மாள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அவரு குடிக்கலயா?"

"இல்லை. பச்சைத் தண்ணியைத்தான் நான் சொன்னனான். பிழை என்னுடையது."

ஈரச் சட்டையைப் பிடித்தபடியே நின்றாள். "சாமி படத்துல கை வச்சு சத்தியம் பண்ணாரு. மிஸ்ஸி பொய் சொல்லுவாங்களான்னு கேட்டேன்." பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

நேற்று என்று சொல்லிவிடலாம். நுனி நாக்கு வரை வந்துவிட்டது.

"மூண்டு கிழமையாச்சு."

"மூணு வாரமா?" அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "போன ஞாயித்துக்கிழம அவரு இங்க வந்தாரு மிஸ்ஸி, என்னைக் கூட்டிட்டுப் போக. வெயில்ல ரொம்ப நேரம் நின்னாரு. நான் கதவத் திறக்கல."