பல் டாக்டரின் கார் நிறுத்துமிடம்

காரை விற்ற மறுநாள் காலை, பல் டாக்டர் சைக்கிளில் கிளினிக்குக் கிளம்பினாள். தம்பிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, டாக்டர் சைக்கிள்ல போனா யாரு மதிப்பாங்க?"

"பல்லைப் பிடுங்குறது என் கைடா. காரா பிடுங்குது?" என்று சொல்லிவிட்டு மிதித்தாள்.

பெரிய சாலையில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போனபோது பயந்து ஓரமாக ஒதுங்கினாள். பள்ளிக்கூடத்துப் பின்தெருவில் திரும்பியதும் பயம் விட்டுப்போயிற்று. காரில் ஊர்ந்து ஊர்ந்து போகிற தூரம், மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிட்டது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிளினிக்குக்கென்று மஞ்சள் கோடு போட்ட ஓர் இடம் உண்டு. அதன் நட்டநடுவில் சைக்கிளை நிறுத்திப் பூட்டினாள். காவலாளி ஓடி வந்தார்.

"டாக்டரம்மா, இது கார் நிக்கிற இடம்."

"என் இடம்தானேண்ணே?"

"இடம் உங்களோடதுதான். ஆனா இது வண்டி இல்லையே!"

"சக்கரம் இருக்கு, பிரேக் இருக்கு, மணியும் இருக்கு. இன்னும் என்ன வேணும்?"

சத்தம் கேட்டுக் கட்டடச் சங்கச் செயலாளர் இறங்கி வந்தார். மாடியில் துணிக்கடை வைத்திருப்பவர். தன் இரண்டாவது காருக்காக அந்த இடத்தின்மேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தார்.

"கார்தான் இல்லையேம்மா, இடத்தை எனக்கு விட்டுடுங்களேன். சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியில சாத்திக்கலாம்" என்றார் தேனொழுக.

"ஒரு கார் நிக்கிற இடத்துல பத்து சைக்கிள் நிக்கும் சார். இங்க வேலை செய்யறவங்க யாரு வேணும்னாலும் கொண்டுவந்து நிறுத்தட்டும். என் இடம், நான் சொல்றேன்."

செயலாளர் வந்த வழியே மாடியேறினார். காவலாளி திரும்பி நின்று சிரித்தார்.

முதலில் சைக்கிளில் வந்தவள் கிளினிக் லேப்பில் வேலை செய்யும் பெண். அடுத்து, தொப்பையைக் காட்டி மனைவி நச்சரித்ததால் இரண்டாம் மாடிக் கணக்காளர். பஸ்ஸுக்குக் காத்துக் காத்து அலுத்துப்போன துணிக்கடைப் பெண்கள் கூட்டமாகவே வந்தார்கள். ஒரு சைக்கிள் இன்னொன்றின்மேல் சாயாதபடி காவலாளியே வரிசைப்படுத்தினார்.

ஒருநாள் டாக்டர் வந்தபோது மஞ்சள் கோட்டுக்குள் கால் வைக்கக்கூட இடமில்லை.

"ஃபுல் டாக்டரம்மா" என்று கையை விரித்தார் காவலாளி.

அவள் நேராக மாடியேறித் துணிக்கடைக்குள் போனாள்.

"சார், இன்னொரு இடம் வேணும்."

 கடை திறந்த கையோடு வேலையில் இறங்கியிருந்த பெண்களைச் செயலாளர் ஒருமுறை பார்த்தார்.

"இவங்க இப்பல்லாம் எனக்கு முன்னாடியே வந்து நிக்கிறாங்கம்மா" என்றவர், கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க, என் வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி நிறுத்தறேன்."