மூக்கு உடைந்த கல்

தையலக்கா தன் வாழ்நாளில் ஒரே ஒரு நாள்தான் தெருவுக்குத் தலைமை தாங்கினாள். முப்பத்திரண்டு குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்த அந்த ஒரு நாளே போதுமானதாக இருந்தது.

கோட்டை மதிலுக்குள் வீடு என்று சொன்னால் கேட்பவர்கள் ஏதோ ராஜபோகம் என்று நினைப்பார்கள். உண்மையில் அவை காவல் வீரர்கள் படுத்து எழுவதற்காக மதிலின் தடிமனிலேயே விட்ட பொந்துகள். வீரர்கள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து, போக்கிடம் இல்லாதவர்கள் வந்து அங்கே அடுப்பு மூட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். வளைவு வாசல்களில் பலகைக் கதவு மாட்டி, வாசலுக்கு வாசல் கொடி கட்டித் துணி காயப்போட்டு, ஜன்னல் இல்லாத அறைக்குள் மின்விசிறியைச் சுழலவிட்டுக் குடித்தனம் நடத்தினார்கள். மழைக்காலத்தில் உள்சுவர் முழுக்க ஈரம் கசியும். கதவு எண் கிடையாது. கடிதமெல்லாம் எதிரே இருந்த சைக்கிள் கடை முகவரிக்கு வரும், மின்சாரமும் அந்தக் கடை மீட்டரிலிருந்துதான்.

கடைசி வீடு தையலக்காவுடையது. அதற்கு மட்டும் வளைவு கிடையாது. அவள் அப்பா மதிலை உடைத்துத் தானே நிலை வைத்து மாட்டிய கதவு அது, பச்சைப் பெயின்ட் அடித்தது. கதவுக்கு இடப்பக்கம், முழங்கால் உயரத்தில், முனை பெயர்ந்த கல் ஒன்று உண்டு. தையல் மெஷினை முதன்முதலாக உள்ளே ஏற்றிய அன்று, முன்பக்கம் பிடித்திருந்த தம்பி தடுமாறியதில் இரும்புக்கால் இடித்துப் பெயர்ந்தது. "நல்லாயிருந்த கல்லு மூக்கை உடைச்சிட்டியேடா" என்று அக்கா சிரித்தாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அந்த மெஷினில்தான் பள்ளிச் சீருடைகளாகத் தைத்துத் தள்ளி அவனை ஆளாக்கினாள். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி என்று யோசிக்க அவளுக்கு நேரமே வாய்க்கவில்லை.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே படப் பைத்தியம். அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று வைத்திருந்தான், உலகத்தின் புகழ்பெற்ற இடங்கள் எல்லாம் வண்ணத்தில். பிரமிடு, சீனப் பெருஞ்சுவர், மலை உச்சியில் மாச்சு பிச்சு.

"பாத்தியாக்கா, ஒரு படத்துலயும் ஆளே இல்ல. எல்லாரும் எங்க போயிருப்பாங்க?"

"சாப்பிடப் போயிருப்பாங்க. நீயும் வா."

பெரியவன் ஆனதும் கல்யாண வீடுகளில் படம் எடுத்தான். தனக்கும் ஒரு கல்யாணம் செய்துகொண்டு ஊரின் அந்தக் கோடியில் வாடகை வீட்டுக்குப் போனான். அந்த நேரத்தில்தான் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலுக்கு அனுப்புவதென்று பாரம்பரிய அலுவலகம் கிளம்பியது. விண்ணப்பத்துக்குப் படம் எடுக்கும் வேலை தம்பிக்குக் கிடைத்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

படம் எடுப்பதற்கு முந்தின வாரம் அவன் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, ஆபீஸ்ல படம் சுத்தமா இருக்கணும்கறாங்க. கொடி, துணி, கதவு எதுவும் தெரியக் கூடாதாம். ஒரே ஒரு நாள். நீ சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

அவள் சொன்னாள், கேட்டார்கள். வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, பலகைக் கதவுகளைக் கழற்றி உள்ளே சாய்க்க வைத்தாள். கொடிகளை அறுத்தாள். சைக்கிள்காரர் ஒருவர்தான் முரண்டு பிடித்தார். அவர் கடை எதிரே இருந்தாலும் குடித்தனம் மதிலுக்குள்.

"நாம என்ன திருடங்களா, ஒளிஞ்சிக்கறதுக்கு?"

"ஊருக்குப் பேர் வந்தா நமக்கும் நல்லதுதானே அண்ணே. என் தம்பி எடுக்கறான், யாரோவா?"

கடைசியில் அவரும் கதவைக் கழற்றினார். கிழவர்கள், கைக்குழந்தைகள், கூண்டுக்கிளி உட்பட எல்லோரும் ஒரு பகல் முழுக்க மதிலுக்குப் பின்புறம் நிழலில் குந்தியிருந்தார்கள். அக்காவின் பச்சைக் கதவை மட்டும் கழற்ற முடியவில்லை. நிலையோடு கல்லில் பதித்தது. "விடுக்கா, அதை நான் பாத்துக்கறேன்" என்றான் தம்பி.

பட்டியலில் கோட்டைக்கு இடம் கிடைத்தது. ஊரெல்லாம் தோரணம், தம்பிக்கு அலுவலகத்திலேயே நிரந்தர வேலை. ஒரு வருடம் கழித்து முப்பத்திரண்டு வாசல்களிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். கோட்டைக்குப் பேர் வந்ததும் நஷ்டஈட்டுக்காக வந்து ஒட்டிக்கொண்ட ஆக்கிரமிப்பாளர்களாம். விண்ணப்பக் காலத்தில் அங்கே ஆள் நடமாட்டமே இல்லையாம். ஆதாரம்: இணைப்பு நான்கு, புகைப்படம்.

சைக்கிள்காரர் நோட்டீஸைக் கிழித்துக்கொண்டு நேரே அக்காவின் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். திட்டியிருந்தால் தேவலை. அதை அவள் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் மேல் வைத்துவிட்டுப் போனார். அன்று அவளால் ஒரு பொத்தான்கூடத் தைக்க முடியவில்லை.

மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனாள். நாத்தனார் வந்ததைப் பார்த்த அவன் மனைவி, தேநீரைக் கொடுத்துவிட்டுக் கதவோரமாகவே நின்றுகொண்டாள்.

"அன்னைக்குக் காலையில, நாங்க கொடியை அறுக்கறதுக்கு முன்னாடி, வெளிச்சம் பாக்கறேன்னு ஒண்ணு எடுத்தியே. நான் வாசப்படியில உக்காந்து பல்லைக் காட்டினேனே. அது இருக்கா?"

"இருக்குக்கா."

"அதைக் கொண்டுவந்து விசாரணையில காட்டணும்டா. நாங்க அங்கதான் இருந்தோம்னு சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம்."

அவன் தரையைப் பார்த்தான். கதவோரத்தைப் பார்த்தான். "வர்றேன்க்கா" என்றான். அவள் நம்பினாள். தம்பி வாயிலிருந்து வந்ததை நம்பாமல் வேறு எதை நம்புவாள்? தெருவுக்குத் திரும்பி, "படம் இருக்கு, தம்பி கொண்டுவரான்" என்று முப்பத்திரண்டு வீட்டிலும் சொன்னாள்.

விசாரணை நடந்த அறையில் நாலு சுவரிலும் உலக அதிசயங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. எதிலும் ஆளில்லை. விசாரணை அதிகாரி மோசமானவர் என்று சொல்ல முடியாது. எல்லோரையும் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு முன்னால் சாய்ந்து அக்காவிடம் சொன்னார்.

"பட்டியல்ல இருக்கற இடத்துல ஆள் குடியிருக்கக் கூடாதுன்னு யார் சொன்னா? வெனிஸ்ல குடியிருக்காங்க. மொராக்கோவுல ஃபெஸ் நகரத்துல பழைய மதிலுக்குள்ளேயே ஆயிரக்கணக்குல குடும்பம் இருக்கு, கொடி கட்டித்தான் துணி காயப்போடறாங்க. நீங்க இருக்கறது விண்ணப்பத்துல தெரிஞ்சிருந்தா உங்களையும் சேர்த்துத்தான் திட்டம் போட்டிருப்போம். ஆனா உங்க கடிதம், கரண்ட் எல்லாம் சைக்கிள் கடை முகவரிதான், படத்துலயும் யாருமே இல்லையேம்மா."

ஆக, ஒளிந்திருக்க வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. யாரோ ஒரு அலுவலக மேதைக்குத் துணிக்கொடி அசிங்கமாகப் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அதிகாரி கோப்பிலிருந்து படத்தை எடுத்து நீட்டினார். உள்ளங்கை அகலம்தான். வெறும் வளைவுகள் வரிசையாக. அக்கா விரலால் எண்ணிக்கொண்டே போய்க் கடைசியில் நின்றாள். அங்கே மதில்தான் இருந்தது. கதவும் இல்லை, நிலையும் இல்லை, கல்லாக அடைந்திருந்தது.

"டேய், நம்ம வீடு எங்கடா?"

தம்பி வந்திருந்தான். அலுவலகத்துக்காரர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார் அதிகாரி. "இந்தப் படத்துல ஏதாவது மாத்தியிருக்கீங்களா? அங்க குடித்தனம் இருந்துதா?"

அறையே அவனைப் பார்த்தது. அவன் தொண்டையைச் செருமினான். அக்காவுக்கு அவன் அப்படிச் செருமுவது எதற்கென்று தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட நாட்களில் அப்படித்தான் செருமுவான்.

"இல்லீங்க. நான் எடுத்தது இதுதான். வேற படம் இல்ல."

சைக்கிள்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா அழவில்லை, கத்தவில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தெருச் சனங்களுக்கு முன்னால், பெற்ற பிள்ளை அம்மணமாக ஓடியதைப் பார்த்ததுபோல வெட்கமாக இருந்தது. வெளியே வராந்தாவில் அவன் ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"மாத்தினேன்னு சொன்னா வேலை போறது மட்டும் இல்லக்கா. பட்டியல்லேருந்தே எடுத்துடுவாங்க. ஊரே என் மூஞ்சில துப்பும். நீ என்கூட வந்து இருந்துக்கோ, ஒரு ரூம் ஒழிச்சுத் தரேன்."

"ஒளிஞ்சிக்கத்தானேடா சொன்ன. கதவை எதுக்கு அழிச்ச?"

அவள் கையை உருவிக்கொண்டாள்.

காலி செய்தார்கள். தையலக்காவுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில், நாலாவது மாடியில் ஒரு அறை கிடைத்தது, மெஷின் வைத்தால் பாய் விரிக்க இடமில்லாத அறை. மற்றவர்கள் மூலைக்கொருவராகச் சிதறினார்கள். வழியில் பார்த்தால் சிலர் பேசினார்கள், சிலர் பேசவில்லை. பேசாதவர்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை.

ஆறு மாதம் கழித்து ஒரு காலையில், தைத்த திரைச்சீலைகளைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது கால் தானாகக் கோட்டைப் பக்கம் இழுத்தது. வாசலில் டிக்கெட் கேட்டார்கள். தன் வீட்டைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பச்சைக் கதவு பெயர்த்தெடுக்கப்பட்டுச் சுவரோரம் கிடந்தது. அது இருந்த ஓட்டையைக் கொத்தனார் ஒருவர் கல் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பலகையில் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிய அதே படம். அதைப் பார்ப்பதும் தலையைச் சொறிவதுமாக இருந்தார்.

"என்ன கொத்தனாரே, கணக்கு உதைக்குதா?"

"வந்து பாருங்கம்மா இந்தக் கூத்தை. மதிலை ஆதியில இருந்த மாதிரியே வைக்கணுமாம். அதுக்கு இந்தப் படம்தான் ஆதாரமாம். இதோ, மூக்கு உடைஞ்ச கல்லு ஒண்ணு. சரி. அதே கல்லு அதே உடைசலோட இங்க ஒண்ணு, மேல ஒண்ணு, ஓரத்துல ஒண்ணு. நாலு! முப்பது வருஷமா கல்லு வைக்கறேன், ரெண்டு கல்லு ஒரே மாதிரி உடைஞ்சு நான் பாத்ததில்ல."

அக்கா கிட்டே போனாள். அவளுடைய கல்தான். மெஷின் கால் இடித்த கல். கதவை மூட அவனுக்கு வேறு கல்லே கிடைக்கவில்லை, அதையே நாலாக்கி ஒட்டியிருக்கிறான். விசாரணையில் கண்ணில் பட்டிருக்க வேண்டியது, உள்ளங்கைப் படத்தில் எவன் கண்ணுக்குத் தெரியும்?

"இதை மேல சொன்னீங்களா?"

"சொன்னேனே. படத்துல எப்படி இருக்கோ அப்படியே வைங்கன்னுட்டாங்க." கொத்தனார் உளியை எடுத்தார். காலடியில் புதுக்கற்கள் மூன்று, முனை கெடாமல் கிடந்தன. ஒன்றை மடியில் சாய்த்துக்கொண்டு, படத்தை ஒரு தடவை பார்த்து, அளவாக மூக்கை உடைத்தார்.

மூன்றாவது கல் ஏறும்போது பின்னால் செருமல் கேட்டது. தம்பி, தோளில் கேமரா. முடிந்த வேலையைப் படம் எடுத்து அனுப்ப அலுவலகம் அனுப்பியிருக்கிறது. அக்காவைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போயிற்று.

"எப்ப வந்தக்கா? சாப்பிட்டியா?"

கொத்தனார் கடைசிக் கல்லை வைத்துப் பூச்சை வழித்துவிட்டு இறங்கும்வரை அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்க் கதவு இருந்த இடத்தில், அந்த நாலு மூக்கு உடைந்த கற்களுக்கு நடுவே, முதுகைச் சுவரில் சாய்த்து நின்றுகொண்டாள்.

"இப்ப எடு."

கொத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பிக்குப் புரிந்தது. கேமராவைத் திருகிக்கொண்டே நின்றான். தள்ளிக்கொள் என்று சொல்வான், சொன்னால் அன்றைக்குச் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று அக்கா காத்திருந்தாள்.

அவன் சொல்லவில்லை. கண்ணைக் கேமராவுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"பரவாயில்லக்கா, நீ நில்லு" என்றான் மெதுவாக, அன்று பச்சைக் கதவுக்குச் சொன்ன அதே குரலில். "நான் அப்புறம் பாத்துக்கறேன்."