மெதுசாவின் வாய்

வெள்ளிக்கிழமை கண்காட்சி திறப்பு. புதன்கிழமை எனக்குக் கடைசி வேலை நாள். அதற்குள் மெதுசாவின் வாயைத் திறந்தாக வேண்டும்.

எங்கள் கிரேக்கத் தீவின் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் பாம்புக் கூந்தல்காரியின் சுடுமண் முகம் ஒரு பழங்காலக் கோயில் கூரையிலிருந்து வந்தது. கெட்டது எதுவும் உள்ளே வராமல் விரட்டுவதற்காகப் பல்லை இளித்து, நாக்கைத் தொங்கவிட்டுச் செய்திருந்தார்கள். முப்பத்தாறு வருடத்துக்கு முன்பு இருந்த இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. இத்தாலிய ஓவியங்களில் அவள் தலை வெட்டுப்பட்டுச் சாகும்போதும் அழகி என்றார். உடைந்த உதட்டைச் சரிசெய்யும் சாக்கில் நாக்கையும் பல்லையும் சாந்து பூசி மூடச் சொன்னார். மூடினேன். சிலை சீரமைக்கும் வேலைக்குப் புதிது. பதிவேட்டில் ‘உதடு சீரமைப்பு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த மூடின வாயைத்தான் இப்போதைய இயக்குநர் ஃபோத்தினி ஊரெங்கும் சுவரொட்டியாக ஒட்டியிருக்கிறாள். ஒரு கடவுள் கெடுத்து, இன்னொரு கடவுள் தண்டித்து, பேச்சிழந்த பெண் என்று கீழே எழுத்து.

திங்களன்று அவளிடம் நடந்ததைச் சொன்னேன். திறப்பு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். அப்புறம் நான் இருக்க மாட்டேனே என்றேன்.

“கலிரோயி அக்கா, இப்பப் போய் நாக்க நீட்டவிட்டா ஜனங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். அவ வாய மூடுனது சாமி இல்லம்மா. நான்.”

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போய்விட்டாள்.

எடுக்க முடியாத எதையும் பூசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதை மட்டுமாவது அன்று மீறாமல் இருந்திருக்கிறேன். புதன் காலை ஈரப் பஞ்சு வைத்து ஊறவிட்டுச் சுரண்டினேன். விளக்குப் பிடித்த காவலாளி கெராசிமோஸ், மூட்டு வலிக்கிறது, முதுகு வலிக்கிறது என்று எனக்கும் சேர்த்துப் புலம்பிக்கொண்டிருந்தான். நாக்கு வெளியே வந்தது, பழைய சிவப்புச் சாயத்தோடு. அவன் சட்டைக்குள் மூன்று முறை துப்பிக்கொண்டான், கண்ணேறு படாமலிருக்க.

“எங்க மாமியார் பாக்கற மாதிரியே பாக்குதுக்கா.”

மதியம் ஃபோத்தினி வந்து நாக்கைக் குனிந்து பார்த்தாள். சுவரொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

“எனக்கப்புறம் வர்றவங்க இவளப் பத்தி வேற ஏதாவது சொல்வாங்க, இல்லக்கா?”

“சொல்லட்டும். முகத்துல கை வைக்காம சொல்லட்டும்.”

பதிவேட்டை எடுத்தேன். மூடியதும் நான், திறந்ததும் நான் என்று எழுதித் தேதி போட்டேன். சாந்துத் துண்டுகளைத் தட்டில் வைத்து எண் ஒட்டிவிட்டுக் கை கழுவப் போனேன்.