விரிசல் என்றால் என்ன?

பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் சாமிநாதன். வேலை ஓய்ந்ததும் கைப்பேசியில் தத்துவப் பேச்சுகளாகக் கேட்டுத் தள்ளினார். கேட்டது வயிற்றுக்குள் கிடக்குமா? தோட்டத்து மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் தத்துவ மன்றம் கூட ஆரம்பித்தது.

‘தத்துவம் என்றால் என்ன?’ என்ற முதல் தலைப்பே மாசக்கணக்கில் இழுத்தது. விடை தேடுவதுதான் தத்துவம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார் லோரி ஓட்டும் செல்லையா.

“விடை கிடைச்சிட்டா அது விஞ்ஞானம்யா. தத்துவம் கேள்வியோட நிக்கணும்” என்று சாமிநாதன் அவர் வாயை அடைத்தார்.

தவறாமல் வந்தவள் முட்டி தேய்ந்த காளியம்மா. மன்றத்தில் கொடுக்கும் அவித்த கச்சாங் கடலைக்காகத்தான் வந்தாள். அதை அவளும் மறைக்கவில்லை.

மழை விடாமல் அடித்த ஒரு ஞாயிறு. ஃபேக்டரியில் வேலை செய்யும் ருக்குமணி சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள்.

“கிராணி ஐயா, மண்டபத்துக்குப் பின்னால மேட்டுல விரிசல் விட்டிருக்கு. எல்லாரும் வெளிய போயிடலாம் லா.”

சாமிநாதனுக்கு உள்ளூரக் குதூகலம். நாற்காலியையும் டம்ளரையுமே உதாரணம் காட்டிக் காலம் தள்ளியவருக்கு ஒரு மலையே வந்து வாய்த்திருக்கிறது!

“உட்காரும்மா. விரிசல்னா என்ன? மண்ணுல இருக்கா, உன் பார்வையில இருக்கா?”

“கையை விட்டுப் பார்த்தேன்யா. முழங்கை வரைக்கும் போவுது.”

“கை சொல்றத நம்பலாமா? மேடு சரியும்னு உனக்குத் தெரியுமா, இல்ல அப்படி நம்புறியா? ரெண்டும் வேற வேற.”

பாதி எழுந்த செல்லையா மற்றவர்களைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. முட்டாளாகத் தெரிய அவருக்கும் இஷ்டமில்லை; உட்கார்ந்துவிட்டார்.

சுவருக்குப் பின்னால் கல் கொட்டுவது போல் சத்தம். ஜன்னல் கண்ணாடி உடைந்து சேறு பாய்ந்தது.

முதலில் வாசலைத் தாண்டியவர் சாமிநாதன். ஓடிய வேகத்தில் அவர் இடித்துக் காளியம்மாவின் நாற்காலி கவிழ்ந்தது. கீழே விழுந்தவள் அவர் சட்டையைப் பிடித்தாள். அவர் குனிந்து பார்த்தார், உதறினார், ஓடினார். ருக்குமணியும் செல்லையாவும்தான் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சேறு பாதி மண்டபத்தை விழுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, காளியம்மாவின் மணிக்கட்டு மட்டும் முறிந்தது.

ரோட்டோரம் நின்று மணிக்கட்டைப் பிடித்தபடி காளியம்மா கேட்டாள்: “என்னைப் பார்த்துட்டுத்தானே ஓடுனீங்க?”

சாமிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்த்தல் என்றால் என்ன என்று அவர் கேட்கவில்லை.

“கண்ணாடியில மழைத்தண்ணி, காளியம்மா. சரியாத் தெரியல” என்றார். கூரைக்குள் ஏது மழை என்று ருக்குமணி நினைத்தாள்.

அடுத்த மாதம் மன்றம் கோயில் கொட்டகையில் கூடியது. தலைப்பு: ‘அச்சம் ஒரு மாயை.’ சாமிநாதன் உருக உருகப் பேசினார். அபாயத்தில் மனம் மறைந்து உடல் மட்டுமே மிஞ்சுமாம். அந்த உடலுக்குப் பழி பாவம் கிடையாதாம். செல்லையாகூடத் தலையாட்டினார்.

“யாருக்காவது சந்தேகம் இருக்கா?”

முன்வரிசையில் மாவுக்கட்டுப் போட்ட கை ஒன்று மெல்ல உயர்ந்தது.

“நேரமாயிருச்சு” என்று சொல்லி, செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார் சாமிநாதன்.